உயிரின் புனிதமும் உழைக்கும் பெண்ணின் உயிரும்

1971 ஆகஸ்ட் 10 அன்று மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. கேரளத்தின் கத்தோலிக்க உயிர்ப் பாதுகாப்பு இயக்கத்தினர் அந்த நாளைத் துக்க நாளாகக் கருதுகின்றனர். கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிர் புனிதமானது, அதை அழிக்கும் உரிமை பெற்ற தாய்க்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை என்பது அவர்களது வாதம். கேரளக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைமையகம் கொச்சி நகரின் பாலாரிவட்டத்தில் இருக்கிறது. சீரோ மலபார் திருச்சபையின் தலைமையகம் அருகிலுள்ள காக்கநாட்டில் இருக்கிறது. இந்தியாவில் இந்த வாதம் மிகவும் ஒழுங்கமைந்த குரலில் ஒலிக்கும் நகரங்களுள் கொச்சியும் ஒன்று என்பதில் வியப்பில்லை.

இடதுசாரிகள் இந்த விவாதத்தில் பெரும்பாலும் மௌனமாகவே இருந்து வந்துள்ளனர். இந்த மௌனத்திற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1957இல் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவை 1959இல் கலைக்கப்பட்டதில் 'விமோசன சமரம்' வகித்த பங்கையும், அதில் கத்தோலிக்கத் திருச்சபை நின்ற இடத்தையும் தோழர்கள் அறிவர். ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்ற எச்சரிக்கை அதன்பின் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. குமரி, தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பணியாற்றும் தமிழகத் தோழர்களுக்கும் இந்தத் தயக்கம் புதிதன்று. 'அது அவர்களது நம்பிக்கை, நமக்கு எதற்கு வம்பு' என்ற சொல் கிளைக் கூட்டங்களில் எளிதாக எழுந்துவிடுகிறது. ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவர்கள் ஆயர்களும் அல்லர், அமைப்பாளர்களும் அல்லர். அதைக் கொடுப்பவர்கள் ஏழைப் பெண்கள். ஆகவே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்வது அவசியமாகிறது.

திருச்சபையின் வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே நேர்மை. 1995இல் போப் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சுற்றுமடல் கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் ஒருசேரக் கண்டித்தது. வலுவற்றவனைப் பயனற்றவன் என ஒதுக்கும் பண்பாட்டை அது 'சாவின் பண்பாடு' என்று பெயரிட்டு விமர்சித்தது. 2018இல் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என அறிவித்தார். கருவின் உயிர், தூக்கு மேடையில் நிற்பவனின் உயிர், போரில் சிக்கியவனின் உயிர் ஆகிய எல்லாமே ஒரே துணியின் இழைகள் என்று 1983 முதல் வாதிட்ட அமெரிக்கக் கர்தினால் பெர்னார்டினின் மரபு இது.

இந்த மரபில் இடதுசாரிகள் ஏற்க வேண்டியவை உண்டு. மனித உயிரை இலாப நட்டக் கணக்கில் எடைபோடக் கூடாது என்பது உழைக்கும் வர்க்கத்தின் கொள்கையும்கூட. பெண் கரு என்பதற்காகவே கலைப்பதைத் திருச்சபை எதிர்க்கிறது. மாதர் இயக்கமும் எதிர்க்கிறது. உசிலம்பட்டி, சேலம் வட்டாரங்களின் பெண்சிசுக் கொலைக் கொடுமைக்கு எதிராகவும், 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தை முறையாக அமலாக்கக் கோரியும் நடந்த போராட்டங்களில் கிறிஸ்தவப் பெண்களும் இடதுசாரிப் பெண்களும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். கருவில் குறைபாடு உண்டு என்பதற்காகக் கால வரம்பின்றிக் கலைக்க 2021ஆம் ஆண்டின் திருத்தம் அனுமதிப்பது மாற்றுத்திறனாளிகளின் வாழ்வை மதிப்புக் குறைந்ததாக்காதா என்ற கேள்வியும் புறந்தள்ளத் தக்கதன்று. அந்தக் குழந்தையை வளர்க்க அரசு எதையும் தராத நாட்டில் அந்தத் தாயைக் குற்றம் சாட்ட எவருக்கும் உரிமை இல்லை என்பதே அதற்கான விடையின் முதல் பகுதி.

மாறாத போதனையா?

இருபது நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் நிலை மாறவில்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கருக்கலைப்பு பாவம் என்ற கருத்து தொன்மையானது என்பது உண்மை. எந்தக் கட்டத்திலிருந்து அது கொலை ஆகிறது என்பதில் மட்டும் விடை பல முறை மாறியுள்ளது. அரிஸ்டாட்டிலின் உயிரியலைப் பின்பற்றிய தாமஸ் அக்குவினாஸ், கரு உருவான உடனே மனித ஆன்மா அதில் புகுவதில்லை என்று கருதினார். ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு அதைவிடக் கூடுதலான நாள் என்பது அந்த மரபின் கணக்கு. 1588இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் எல்லாக் கட்டத்துக் கருக்கலைப்புக்கும் கொலைக்குரிய தண்டனையை விதித்தார். மூன்றே ஆண்டுகளில், 1591இல், பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்திப் பழைய வேறுபாட்டை மீட்டார். அந்த வேறுபாடு திருச்சபைச் சட்டத்திலிருந்து இறுதியாக நீங்கியது 1869இல், ஒன்பதாம் பயஸ் காலத்தில்.

கத்தோலிக்கம் மட்டுமே கிறிஸ்தவமும் அன்று. 1930இல் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு கருத்தடைக்கு நிபந்தனையுடன் இடமளித்தது. இந்தியச் சட்டம் பிறந்த அதே 1971இல், அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, பாலியல் வன்முறை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல், மன நலத்திற்குக் கேடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே அமைப்புப் பின்னர் கடும் எதிர்ப்பு நிலைக்குச் சென்றது. 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது அதைக் கொண்டாடியவர்களுள் அவர்களும் இருந்தனர். அரை நூற்றாண்டில் வேதாகமம் மாறவில்லை; அமெரிக்க வலதுசாரி அரசியலின் தேவை மாறியது.

நம்பிக்கையாளர்கள் மேலிடத்தின் ஆணைக்கு எப்போதும் பணிந்தே வந்தார்கள் என்பதும் சரியன்று. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியின் கூனன் குரிசில் திரண்ட புனித தோமையார் கிறிஸ்தவர்கள், போர்த்துகீசிய இயேசு சபையினரின் அதிகாரத்திற்கு இனிப் பணிவதில்லை எனச் சூளுரைத்தனர். கிறிஸ்தவராக இருந்துகொண்டே எதிர்த்துப் பேச முடியும் என்பதற்கு இந்த மண்ணே சான்று.

எர்ணாகுளம் 1971, பாலா 2021

கருப்பையைப் பற்றிய அரசியலைப் புரிந்துகொள்ள எர்ணாகுளம் மாவட்டத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஐம்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1971 ஜூலை. கருக்கலைப்புச் சட்டம் ஒப்புதல் பெறுவதற்குச் சில வாரங்களே இருந்த நேரம். எர்ணாகுளம் நகர மண்டபத்தில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமாரின் முன்முயற்சியில் ஒரு மாத காலக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. அதில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி அறுவை செய்யப்பட்டது. முந்தைய ஆண்டின் முகாமில் இந்த எண்ணிக்கை சுமார் 15,000. வந்தவர்களுக்கு ரொக்கமும் பொருள்களும் தரப்பட்டன. உலக நிபுணர்கள் இதைச் சாதனை என்று புகழ்ந்தனர். வயிறு காய்ந்தவனுக்குக் கையில் தரப்படும் ஊக்கத்தொகை எவ்வளவு தூரம் விருப்பத்தேர்வு, எவ்வளவு தூரம் நிர்ப்பந்தம் என்ற கேள்வியை அன்று கேட்டவர்கள் குறைவு. இந்த மாதிரியே நாடெங்கும் பரவி, அவசரநிலைக் காலத்தில் தன் முழு உருவத்தைக் காட்டியது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன.

இரண்டாவது 2021 ஜூலை. எர்ணாகுளத்திற்குத் தெற்கே கோட்டயம் மாவட்டத்தின் பாலா மறைமாவட்டம், 2000ஆம் ஆண்டுக்குப் பின் மணமுடித்து ஐந்தும் அதற்கு மேலும் குழந்தைகள் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் ரூ.1,500 உதவித்தொகை தரப்படும் என்று அறிவித்தது. நான்காவது முதலான குழந்தைகளின் பேற்றுச் செலவிலும் படிப்பிலும் சலுகை உண்டு என்றும் சொன்னது. சமூகத்தின் மக்கள்தொகைப் பங்கு குறைகிறது என்ற கவலை இதன் பின்னணியில் பேசப்பட்டது. அதே ஜூலையில்தான் உத்தரப்பிரதேச அரசின் சட்ட ஆணையம், இரண்டுக்கு மேல் பெற்றவர்களுக்கு அரசுச் சலுகைகளைப் பறிக்கும் மசோதா வரைவை வெளியிட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

'குறைத்துப் பெறு' என்று ஒரு ஜூலை சொன்னது. 'கூட்டிப் பெறு' என்று மறு ஜூலை சொன்னது. சொன்னவர்கள் வேறு, நோக்கம் வேறு. பெற வேண்டியவளின் உடலைத் தொகைக் கணக்காகப் பார்த்த பார்வை மட்டும் ஒன்றே. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான ஆணையம் 2011இல் கேரள அரசிடம் அளித்த வரைவில் மூன்றாவது குழந்தைக்கு ரூ.10,000 அபராதமோ மூன்று மாதச் சிறையோ பரிந்துரைக்கப்பட்டபோது, கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. முற்போக்காளர்கள் பெரிதும் மதிக்கும் ஒரு பெயர் அந்த வரைவின் தலைப்பில் இருந்ததால் அது சரியாகிவிடாது.

இன்று இந்தக் கணக்கு மதங்களைத் தாண்டிப் பரவியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மூன்று குழந்தைகள் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் பேசினார். தொகுதி மறுவரையறை அச்சத்தை முன்வைத்து, மணமக்கள் விரைந்து பிள்ளை பெற வேண்டும் என்று 2025 மார்ச்சில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேசினார். தொகுதி மறுவரையறையால் தென் மாநிலங்களுக்கு நேரக்கூடிய அநீதியை எதிர்த்துப் போராடுவது தேவை. அந்தப் போராட்டத்தின் ஆயுதமாகப் பெண்ணின் கருப்பை ஆகக் கூடாது. குழந்தைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது நாட்டின் வறுமையைப் போக்குவதற்காக என்று பலர் பேசிய காலத்தில், அது பெண்ணின் விடுதலைக்காக என்று பேசிய பெரியாரின் மண் இது.

மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால்

மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் பல மொழி, பல மதத்து உழைப்பாளிகள் நெருக்கமாக வாழும் பகுதி. இலத்தீன் கத்தோலிக்க மீனவர், மலையாள முஸ்லிம் சுமைத் தொழிலாளர், கொங்கணியர், குஜராத்தியர், வெளியில் உள்ள சலவைத் துறையில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் எனப் பலரும் அங்குண்டு. துறைமுகத்தில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே 'சாப்பா' என்ற உலோக வில்லையை வீசியெறிவதும், அடித்துப் பிடித்து அதை எடுத்தவனுக்கு மட்டும் அன்றைய வேலை தருவதும் வழக்கமாக இருந்த இடம் இது. அந்தக் கொடுமைக்கு எதிரான போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய தோழர்களின் பெயர்கள் அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் போற்றப்படுகின்றன. உயிரின் புனிதத்தைப் பற்றி மட்டாஞ்சேரியில் பேசுவோர் இந்தப் பெயர்களிலிருந்தும் தொடங்கலாம். பிறந்து, வளர்ந்து, கூலிக்கு நின்ற உயிர்களும் புனிதமானவையே.

இத்தகைய பகுதியில் இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுதும் ஈரத்தில் நின்று வேலை செய்யும் ஒரு பெண் மூன்றாவது முறையாகக் கருவுறுகிறாள் என்று கொள்வோம். உரித்த அளவுக்குத்தான் அவளுக்குக் கூலி. 2017ஆம் ஆண்டின் திருத்தப்படி முறைசார்ந்த துறையில் பேறுகால விடுப்பு 26 வாரம். இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரம் மட்டுமே. அவளுக்கோ அந்த 12 வாரமும் ஏட்டுச் சுரைக்காய். உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் குறைந்தது ரூ.6,000 என்று 2013இலேயே சொன்னது. ஒன்றிய அரசின் திட்டமோ முதல் குழந்தைக்கு ரூ.5,000 என்று சுருங்கி, பின்னர் இரண்டாவது பெண் குழந்தை வரை மட்டுமே நீண்டது. மூன்றாவது கருவின் உயிரைப் புனிதம் என்று புகழும் எவரும் அந்தத் தாய்க்கு 26 வார விடுப்பு கோரி ஊர்வலம் போனதாகச் செய்தி இல்லை. திருச்சபையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கேரளச் சமூகத்திற்கு ஆற்றியுள்ள தொண்டு பெரிது. ஆயினும் கருவைக் காக்கச் சட்டம் கேட்கும் குரலின் வலிமை, தாயைக் காக்கக் கூலி கேட்கும்போது காணப்படுவதில்லை.

சட்டம் தந்ததும் தராததும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் விலக்களித்தது. சாந்திலால் ஷா குழு 1966இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1971ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. நாட்டு வைத்தியச்சியின் குச்சிக்கும் கம்பிக்கும் பலியான பெண்களின் எண்ணிக்கை அந்தக் குழுவின் முன் இருந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை வழிவகுத்தது. 2022 செப்டம்பர் 26 அன்று கேரள உயர் நீதிமன்றம், கருக்கலைப்புக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. அதே மாதம் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்றது.

இவை முன்னேற்றங்கள். எனினும் தண்டனைச் சட்டத்தின் அடிப்படை அப்படியே இருக்கிறது; இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கருக்கலைப்புச் சட்டம் அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்குத் தரப்பட்ட விலக்கு. பெண்ணுக்குத் தரப்பட்ட உரிமையாக அது எழுதப்படவில்லை. முடிவெடுப்பவர் மருத்துவர், மருத்துவர் குழு, இறுதியில் நீதிமன்றம். 2023 அக்டோபரில், இரு குழந்தைகளின் தாயும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநோயால் அவதிப்பட்டவருமான ஒரு பெண்ணின் 26 வாரக் கரு தொடர்பான வழக்கில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. இறுதியில் அனுமதி மறுக்கப்பட்டது. கரு வளர வளர அதன் மீதான அறக்கடமையும் வளர்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த அளவுக்குத் தாமதம் ஏன் நேர்கிறது என்பதுதான் சமூகம் கேட்க வேண்டிய கேள்வி. விவரம் தெரியாமை, பணமின்மை, அருகில் வசதியின்மை, அச்சம் ஆகியவையே பெரும்பாலும் விடை.

2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.56 கோடிக் கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட்' இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் மருத்துவமனைகளில் நடந்தவை ஏறத்தாழ 22 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலானவை மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை யாருடைய கண்காணிப்பும் இன்றி உட்கொண்டு நடந்தவை. சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஏழைப் பெண் மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிற்கிறாள். மருத்துவமனைகளில் கணிசமானவை திருச்சபை நிர்வாகத்தில் இயங்கும் மாநிலத்தில், அரசு மருத்துவமனை கைவிட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

தடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அயர்லாந்து காட்டியது. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவார் 17 வாரக் கருச்சிதைவின்போது, கருவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்ற காரணத்தால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நச்சுத்தொற்றால் 2012 அக்டோபர் 28 அன்று கால்வே நகரில் இறந்தார். அந்தக் கரு எப்படியும் பிழைத்திருக்காது. ஒன்றைக் காக்க இயலாத சட்டம் மற்றொன்றையும் பலி வாங்கியது. 2018 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள அந்த நாட்டு மக்கள் 66.4 விழுக்காட்டினர் அந்தத் தடையை நீக்க வாக்களித்தனர். அவர்கள் நம்பிக்கையைத் துறந்து வாக்களிக்கவில்லை. பாவம் எது என்பதைத் திருச்சபை சொல்லலாம், குற்றம் எது என்பதைச் சொல்லும் அதிகாரத்தை அதற்குத் தர முடியாது என்று முடிவு செய்தனர்.

இடதுசாரி நிலைப்பாடு

1913இல் லெனின் 'பிராவ்தா'வில் எழுதிய ஒரு கட்டுரை இங்கே இன்றும் வழிகாட்டுகிறது. துன்பத்திற்குப் பிறக்க வேண்டாம் என்று தொழிலாளிக்குக் குறைந்த பிள்ளைகளைப் பரிந்துரைத்த நவ மால்தூசியவாதத்தை அவர் கடுமையாகச் சாடினார். அதே கட்டுரையில் கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்கள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்றும் கோரினார். இரண்டும் சேர்ந்ததே நிலைப்பாடு. 1920இல் சோவியத் ருஷ்யா கருக்கலைப்பைச் சட்டப்பூர்வமாக்கிய முதல் அரசானது. 1936இல் பிறப்பு விகிதத்தை உயர்த்தும் நோக்கில் அதே அரசு தடையை மீண்டும் கொண்டுவந்து, 1955இல் நீக்கியது. ருமேனியாவில் 1966 முதல் 1989 வரை நீடித்த தடையால் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டனர். சோசலிசப் பதாகையின் கீழும் பெண்ணின் உடல் எண்ணிக்கைக் கணக்காக மாறியதுண்டு என்பதை மறைக்காமல் சொல்லும்போதுதான் இடதுசாரிகளின் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

இன்று செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு வட்டார அரசு மருத்துவமனையிலும் பாதுகாப்பான கருக்கலைப்புச் சேவை, இரகசியம் காக்கும் முறையுடன், கேள்விக் கணைகளின்றிக் கிடைக்க வேண்டும். மனசாட்சியின் பேரில் ஒரு மருத்துவர் விலகிக்கொள்ளலாம்; அரசு மருத்துவமனை விலகக் கூடாது. பேறுகால விடுப்பும் உதவியும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பாராமல், முறைசாராத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் கிடைக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. கருத்தடையின் சுமை முழுவதும் பெண்ணின் மேல் விழுந்துள்ள இந்த நிலையை மாற்றும் பிரச்சாரத்தைத் தொழிற்சங்கங்களின் ஆண் தோழர்களே முன்னெடுக்க வேண்டும்.

திருச்சபையோடு உரையாடலும் வேண்டும். பெண்சிசுக் கொலைக்கு எதிராக, மரண தண்டனைக்கு எதிராக, கட்டாயக் கருத்தடைக்கு எதிராக, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் நலனுக்காக இணைந்து நிற்க இடமுண்டு. நம்பிக்கையாளரை ஏளனம் செய்வது எந்தப் பெண்ணின் உயிரையும் காக்காது. கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று தன் மனசாட்சிப்படி முடிவு செய்யும் கத்தோலிக்கப் பெண்ணின் உரிமையும் இடதுசாரிகள் காக்க வேண்டிய உரிமையே. பெற்றுக்கொள்வதாக அவள் முடிவு செய்தால் அவளுக்குக் கூலியும் விடுப்பும் மருத்துவமும் வேண்டும். பெற இயலாது என்று முடிவு செய்தால் சிறையும் அவமானமும் போலி மருத்துவரும் இல்லாத வழி வேண்டும். இரண்டுக்கும் ஒருசேரப் போராடும் இயக்கமே உயிரைப் புனிதமாகக் கருதுவதாகச் சொல்லிக்கொள்ளத் தகுதியுடையது.